2024-25 கூடைப்பந்து: கல்லூரியில் நான்கு நம்பர் 1 அணிகள், என்.பி.ஏ.வில் ஏழு ஆண்டில் ஏழு சாம்பியன். ஏன் இப்படி?

கோடுதாண்டி:

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து என்றால் மார்ச் நாக்-அவுட்டில் யாரும் யாரையும் சாய்ப்பார்கள், தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. என்றால் இரண்டு மூன்று அணிகளே மாறி மாறிக் கோப்பையைத் தூக்கும் என்றுதான் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தோம். 2024-25 பருவம் இரண்டையும் தலைகீழாகப் புரட்டிவிட்டது.

சான் அன்டோனியோவில் நடந்த ஆண்கள் ஃபைனல் ஃபோரில் (கடைசி நான்கு அணிச் சுற்று) ஃப்ளோரிடா, ஹியூஸ்டன், டியூக், ஆபர்ன் ஆடின. நான்கும் நம்பர் 1 சீடு, அதாவது தத்தம் பிரிவில் முதல் தரவரிசை. இதற்கு முன் 2008-ல் ஒரே ஒரு தடவைதான் அப்படி அமைந்தது. 16 அணிச் சுற்றிலேயே பெரிய கான்ஃபரன்ஸ்களுக்கு (கல்லூரிகள் சேர்ந்து ஆடும் குழுக்கள்) வெளியே ஓர் அணிகூட இல்லை: எஸ்.இ.சி. 7, பிக் டென் 4, பிக் 12-லிருந்து 4, ஏ.சி.சி. 1. ஆனால் 2023 ஃபைனல் ஃபோரில் 1, 2, 3 சீடு யாருமே கிடையாது. 9-ஆம் சீடு ஃப்ளோரிடா அட்லாண்டிக்கூட அங்கே நின்றது.

என்.பி.ஏ. பக்கம் 2019 முதல் டொராண்டோ, லேக்கர்ஸ், மில்வாக்கி, கோல்டன் ஸ்டேட், டென்வர், பாஸ்டன், 2025-ல் ஓக்லஹோமா சிட்டி. ஒருவர்கூட இரண்டாவது முறை வரவில்லை. 2015 முதல் 2018 வரை நான்கு வருஷமும் கோல்டன் ஸ்டேட்டும் கிளீவ்லாந்துமே இறுதியில் மோதிய காலத்தை நினைத்துப் பாருங்கள்.

எந்த விதி மாற்றம் இதைச் செய்தது? இல்லை, எல்லாம் தற்செயலா? கணக்கு தெரிந்தவர்கள் விளக்கினால் நல்லது. "பணம்தான் காரணம்" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள்.

போர்ட்டல்_கணக்கு:

கல்லூரிப் பக்கத்தை நான் சொல்கிறேன். மூன்று மாற்றங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன. 2021-ல் முதல் முறை கல்லூரி மாறுகிறவர் ஒரு வருஷம் உட்கார வேண்டும் என்ற விதி போனது. அதே ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது, என்.ஐ.எல். என்பது இதுதான். 2024 ஏப்ரலில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம், படிப்பில் தகுதி இருந்தால் போதும் என்றார்கள்.

விளைவைச் சாம்பியன் அணியிலேயே பாருங்கள். ஃப்ளோரிடாவின் மூன்று கார்டுகள் (பந்தைக் கொண்டுபோகும் வெளிவட்ட ஆட்டக்காரர்கள்): வால்டர் கிளேட்டன் ஜூனியர் அயோனாவிலிருந்து வந்தவர், வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்து, அலிஜா மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து. மார்ட்டின் வேறு யாருமில்லை, நீங்கள் சொன்ன அதே 2023 ஃபைனல் ஃபோர் அணியின் ஆட்டக்காரர். பழைய விதியில் இந்த மூவரும் மூன்று சிறிய கல்லூரிகளில் நான்காம் ஆண்டு ஆடி, மார்ச்சில் ஏதாவது ஒரு ஃப்ளோரிடாவைச் சாய்த்திருப்பார்கள். இப்போது மூவரும் சேர்ந்து ஃப்ளோரிடாவுக்கே ஆடி 36-4 (36 வெற்றி, 4 தோல்வி) என்று முடித்தார்கள். ஆபர்னின் ஜானி ப்ரூம் மோர்ஹெட் ஸ்டேட்டில் தொடங்கியவர். கதை அதேதான்.

டிரேக் என்ற சிறிய கல்லூரியைப் பாருங்கள், இன்னும் தெளிவாகும். பென் மெக்காலம் இரண்டாம் தரக் கல்லூரிப் பிரிவான டிவிஷன் 2-வில் நார்த்வெஸ்ட் மிசௌரி ஸ்டேட்டின் பயிற்சியாளர். 2024-ல் டிரேக்குக்கு வரும்போது தன் ஆட்டக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார், பென்னட் ஸ்டிர்ட்ஸ் உட்பட. 31-4. 11-ஆம் சீடாக நுழைந்து 6-ஆம் சீடு மிசௌரியை 67-57 என்று வென்றார்கள். மார்ச் முடிவதற்குள் மெக்காலம் அயோவாவுக்குப் போனார், ஸ்டிர்ட்ஸும் பின்னாலேயே போனார். டிவிஷன் 2-விலிருந்து பிக் டென் வரை ஒரே வருஷத்தில் ஓர் அணியே ஏணி ஏறிவிட்டது. டிரேக் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் போர்ட்டல் 2025-ல் திறந்தது மார்ச் 24, அதாவது 32 அணிச் சுற்று முடிந்த மறுநாள். அடுத்த ஆட்டத்துக்குத் தயாராகும் பயிற்சியாளர் அதே வாரம் அடுத்த வருஷத்து ஆட்களுக்கும் போன் போட வேண்டும். இதற்கென்று தனி ஜெனரல் மேனேஜர் வைத்திருக்கும் கல்லூரிக்கும் மூன்று உதவியாளர்களை வைத்துச் சமாளிக்கும் கல்லூரிக்கும் இங்கேயே இடைவெளி விழுந்துவிடுகிறது.

இன்னொன்று, வயது. கோவிட் வருஷத்துக்குக் கிடைத்த கூடுதல் ஆண்டைப் பயன்படுத்திய கடைசிப் பெரிய கூட்டம் 2024-25-ல்தான் ஆடியது. மார்ட்டின் ஐந்தாம் ஆண்டு, ஹியூஸ்டனின் ஜே'வான் ராபர்ட்ஸ் ஆறாம் ஆண்டு. அடுத்த பருவத்தில் இது கரையும்.

எல்லாரும் போர்ட்டலில் வாங்கித்தான் வந்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. பயிற்சியாளர் கெல்வின் சாம்ப்சனின் ஹியூஸ்டனில், தொடக்க ஐவரில் ராபர்ட்ஸ், எமானுவல் ஷார்ப், ஜோசஃப் டக்லர் மூவரும் அங்கேயே வளர்ந்தவர்கள், எல்.ஜே. கிரையரும் மிலோஸ் உசானும்தான் வெளியிலிருந்து வந்தவர்கள். டியூக் கூப்பர் ஃப்ளாக், கான் க்னூப்பல், கமான் மலுவாச் என்று முதலாண்டுப் பையன்களை வைத்து ஆடியது, மூவரும் என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் பத்துக்குள் போனார்கள். ஆனால் கூட ஆடியவர்களைப் பாருங்கள்: சியான் ஜேம்ஸ் டுலேனிலிருந்து, மேசன் கில்லிஸ் பர்டியூவிலிருந்து, மாலிக் பிரவுன் சிராக்யூஸிலிருந்து. டியூக்கே இப்படி என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வரம்புக்காரர்:

என்.பி.ஏ. பக்கம். 2023-ல் வந்த தொழிலாளர் ஒப்பந்தத்தில் "இரண்டாம் ஏப்ரன்" என்று அணியின் மொத்தச் சம்பளத்துக்கு ஒரு கோடு போட்டார்கள். 2024-25 எண்கள் இவை: சம்பள வரம்பு 14.06 கோடி டாலர், சொகுசு வரிக் கோடு 17.08 கோடி, முதல் ஏப்ரன் 17.81 கோடி, இரண்டாம் ஏப்ரன் 18.89 கோடி.

முன்பெல்லாம் வரி கட்டத் தயாராக இருக்கும் முதலாளியைத் தடுக்கப் பெரிதாக எதுவும் இல்லை. காசு கட்டினால் தீர்ந்தது. இப்போது தண்டனை அணி கட்டும் வேலையிலேயே விழுகிறது. இரண்டாம் ஏப்ரனைத் தாண்டிய அணி இரண்டு சம்பளங்களைச் சேர்த்து ஒரு பெரிய சம்பளத்துக்கு மாற்ற முடியாது. 1 கோடி வாங்குபவரையும் 1.5 கோடி வாங்குபவரையும் கொடுத்து 2.5 கோடி வாங்கும் ஒருவரை எடுப்பது நடக்காது. டிரேடில் (அணிகளுக்கிடையே ஆள் மாற்றுவது) பணம் அனுப்ப முடியாது. அனுப்பிய சம்பளத்துக்கு மேல் ஒரு டாலர்கூடத் திரும்ப வாங்க முடியாது. வரம்பைத் தாண்டி ஆள் எடுக்க வரி கட்டும் அணிகளுக்குத் தரும் மிட்-லெவல் விதிவிலக்கும் இல்லை. வெளியிலிருந்து ஆள் எடுக்க மிஞ்சுவது குறைந்தபட்சச் சம்பளம் மட்டும். இதற்கு மேல், ஏழு வருஷம் தள்ளி வரும் முதல் சுற்று டிராஃப்ட் உரிமை உறைந்துவிடும். விற்கவோ மாற்றவோ முடியாது. அடுத்த நான்கு பருவங்களில் இரண்டு முறை மறுபடி தாண்டினால் அந்த உரிமை சுற்றின் கடைசிக்குத் தள்ளப்படும்.

ஒன்றைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சேர்ப்பதற்குத்தான் தடை, பிரிப்பதற்கு இல்லை. 2024 அக்டோபரில் மின்னசோட்டா இரண்டாம் ஏப்ரனுக்கு மேல் இருந்துகொண்டே கார்ல்-அந்தோனி டவுன்ஸ் என்ற ஒரே பெரிய ஒப்பந்தத்தைக் கொடுத்து ஜூலியஸ் ராண்டில், டான்டே டிவின்சென்சோ என்று பலரை வாங்கியது. ஒரு நோட்டைச் சில்லறையாக மாற்றலாம், சில்லறையைச் சேர்த்து நோட்டாக மாற்ற முடியாது.

தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபீனிக்ஸ் போதும். லீக்கிலேயே அதிகச் சம்பளம் கொடுத்த அணி 36-46 என்று முடித்து, கோப்பைச் சுற்றான பிளே-ஆஃபுக்குத் தகுதி தரும் பிளே-இன் சுற்றுக்குக்கூட வரவில்லை. பிராட்லி பீலின் ஒப்பந்தத்தில் அவர் சம்மதம் இல்லாமல் டிரேட் செய்ய முடியாது என்ற ஷரத்து. ஏப்ரன் ஒரு பக்கம், ஷரத்து இன்னொரு பக்கம். அசையவே முடியவில்லை. கடைசியில் கோடையில் கெவின் டுராண்டை என்.பி.ஏ. அணியான ஹியூஸ்டன் ராக்கெட்ஸுக்கு அனுப்பி, பீலுக்குப் பணம் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்தார்கள்.

சாம்பியன்களும் தப்பவில்லை. 2024-ல் கோப்பை வென்ற பாஸ்டன் 2025 கோடையில் ஜ்ரூ ஹாலிடேயைப் போர்ட்லாந்துக்கும் கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸை அட்லாண்டாவுக்கும் கொடுத்தது. திரும்பி வந்த ஆட்டக்காரர்களைவிடக் குறைந்த சம்பளம்தான் முக்கியம். அணியின் நட்சத்திரம் ஜேசன் டேட்டம் மே 12-ல் அகிலிஸ் தசைநாணை அறுத்துக்கொண்டதும் கணக்கு இன்னும் சுலபமானது.

ஓக்லஹோமா சிட்டி ஏன் வென்றது என்பதற்கும் பதில் இதே தாளில் இருக்கிறது. 2024-25-ல் ஷாய் கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர் ஏறத்தாழ 3.6 கோடி. செட் ஹோம்கிரன் 1.1 கோடி, ஜேலன் வில்லியம்ஸ் அரைக் கோடிக்கும் கீழே, இருவரும் புதுமுக ஒப்பந்தத்தில். அந்த மிச்சத்தில்தான் மூன்று வருஷத்துக்கு 8.7 கோடி கொடுத்து ஐசையா ஹார்ட்டன்ஸ்டைனை எடுக்க முடிந்தது. ஷாய் வந்ததும் 2019 ஜூலையில் பால் ஜார்ஜைக் கொடுத்த டிரேடில். அதே டிரேடில் வந்த உரிமை ஒன்றில்தான் 2022-ல் 12-ஆவதாக வில்லியம்ஸை எடுத்தார்கள். ஒரே டிரேடில் இரண்டு தூண்கள். ஹோம்கிரன், வில்லியம்ஸ் இருவரின் பெரிய ஒப்பந்தங்கள் 2026-27-ல் தொடங்குகின்றன. ஏப்ரன் நிஜமாகவே தொடர்ந்து வெல்லும் வம்சங்களை உடைக்கிறதா என்ற பரிசோதனை அப்போதுதான்.

ஆறாவது_ஆள்:

இரண்டு பேரும் அருமையாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் முடிவை வைத்துக் காரணம் பின்னுகிறீர்களோ என்று ஒரு சந்தேகம்.

ஃப்ளோரிடா எத்தனை முறை மயிரிழையில் தப்பியது பாருங்கள். இரண்டாம் சுற்றில் கனெக்டிகட்டை 77-75. எலைட் எய்ட்டில் (கடைசி எட்டு அணிச் சுற்று) டெக்சாஸ் டெக்கிடம் மூன்று நிமிஷம் இருக்கையில் 9 புள்ளி பின்தங்கி, 84-79. இறுதியில் ஹியூஸ்டனிடம் 12 புள்ளி பின்தங்கி 65-63. அந்தக் கடைசி ஆட்டத்தில் கிளேட்டன் முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. எடுத்த 11 புள்ளியும் இரண்டாம் பாதியில்தான். ஹியூஸ்டனும் சும்மா வரவில்லை, அரையிறுதியில் டியூக்கிடம் 14 பின்தங்கி 70-67 என்று வென்றது.

இறுதியின் கடைசி நொடிகளை மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஹியூஸ்டன் இரண்டு புள்ளி பின்னால். ஷார்ப் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே குதித்து எழும்புகிறார், கிளேட்டன் கையை நீட்டிக்கொண்டு பாய்ந்து வருகிறார். வீசினால் தடுக்கப்படும், பிடித்தபடி இறங்கினால் டிராவல் (பந்தைத் தட்டாமல் நகரும் தவறு). வேறு வழியில்லாமல் பந்தைத் தரையில் விடுகிறார். விட்ட பந்தை அவரே முதலில் எடுத்தாலும் டிராவல்தான். அதனால் பக்கத்திலேயே உருளும் பந்தைத் தொடாமல் நிற்கிறார். அலெக்ஸ் காண்டன் பாய்ந்து அள்ளுகிறார், நேரம் முடிகிறது. ஷாட் எடுக்காமலே ஒரு சாம்பியன்ஷிப் போனது. இதில் போர்ட்டல் எங்கே, என்.ஐ.எல். எங்கே?

என்.பி.ஏ.விலும் அப்படித்தான். ஏழு சாம்பியன் என்பதால் அணிகள் சமமாகிவிட்டன என்று அர்த்தமில்லை. ஓக்லஹோமா சிட்டி 68-14. சராசரி வெற்றி வித்தியாசம் 12.9, லீக் வரலாற்றிலேயே அதிகம். 1971-72 லேக்கர்ஸின் 12.3-ஐ முறியடித்தது. அப்படிப்பட்ட அணியை டென்வரும் இண்டியானாவும் ஏழு ஆட்டத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை இழுத்தன. இறுதியின் முதல் ஆட்டத்தில் 0.3 நொடி மீதியிருக்க டைரீஸ் ஹாலிபர்ட்டன் போட்ட கூடைதான் இண்டியானாவுக்கு வெற்றி. அதே ஹாலிபர்ட்டன் ஏழாவது ஆட்டத்தின் முதல் கால்பகுதியிலேயே அகிலிஸ் அறுந்து விழுந்தார். மில்வாக்கியின் டேமியன் லில்லர்ட், டேட்டம், ஹாலிபர்ட்டன் என்று ஒரே பிளே-ஆஃபில் மூன்று அகிலிஸ். மூவரும் 0 எண் சட்டைக்காரர்கள், அது சும்மா ஒரு தகவல்.

ஆகவே கல்லூரியில் மேலே வந்தவர்கள் யார் என்பதற்கு விதி காரணம், சரி. அவர்களுக்குள் யார் ஜெயித்தார்கள் என்பதற்கு 40 நிமிஷ நாக்-அவுட் காரணம். என்.பி.ஏ.வில் சாம்பியன் திரும்பி வராததற்குப் பாதி ஏப்ரன், பாதி காயம்.

வரம்புக்காரர்:

காயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காயம் எல்லாக் காலத்திலும் உண்டு. முன்பு நட்சத்திரம் விழுந்தால் அணி அந்த வருஷத்தைத் தொலைத்துவிட்டு, வரியைக் கட்டிக்கொண்டு, அதே ஆட்களோடு அடுத்த வருஷம் வரும். இப்போது டேட்டம் விழுந்த உடனே பாஸ்டன் கலைக்கத் தொடங்கிவிட்டதே, அது ஏப்ரனால்தான். மில்வாக்கி இன்னும் ஒரு படி மேலே போனது: லில்லர்டை விடுவித்து, மீதி 11.3 கோடியை ஐந்து வருஷத்துக்கு நீட்டி, ஆண்டுக்கு 2.25 கோடி செத்த பணமாகச் சுமந்துகொண்டு, அந்த இடத்தில் மைல்ஸ் டர்னரை எடுத்தது.

கோடுதாண்டி:

நன்றி, நிறையத் தெளிந்தது. ஒரு துணைக்கேள்வி. எஸ்.இ.சி.யிலிருந்து மட்டும் 14 அணிகள் மார்ச் போட்டிக்குத் தேர்வானது எப்படி? 16 அணிகள் உள்ள கான்ஃபரன்ஸில் 14! டெக்சாஸ் கான்ஃபரன்ஸுக்குள் 6-12. அதற்கும் இடமா?

குவாட்_ஒன்று:

இது கல்லூரி அணிகளின் பலத்தை அளக்கும் நெட் தரவரிசையும் குவாட்ரண்ட் முறையும் சேர்ந்து செய்த வேலை. 2018-ல் பழைய ஆர்.பி.ஐ. தரவரிசைக்குப் பதிலாக வந்தது நெட். எதிரணியின் நெட் இடத்தையும் ஆட்டம் நடந்த இடத்தையும் வைத்து ஒவ்வொரு ஆட்டத்தையும் நான்கு பெட்டிகளில் போடுவார்கள். குவாட் 1 என்றால்: சொந்த மைதானத்தில் முதல் 30-க்குள் உள்ள அணி, பொது மைதானத்தில் முதல் 50, எதிரி மைதானத்தில் முதல் 75.

எஸ்.இ.சி. அணிகள் நவம்பர், டிசம்பரிலேயே வெளி ஆட்டங்களில் எல்லாரையும் அடித்துத் தள்ளின. ஏ.சி.சி.யுடன் நடந்த போட்டித் தொடரில் மட்டும் 14-2. அதனால் எல்லாருடைய நெட்டும் சேர்ந்து உயர்ந்தது. ஜனவரியில் கான்ஃபரன்ஸ் ஆட்டம் தொடங்கியதும் வெளியூர் போனால் அநேகமாக எல்லாமே குவாட் 1. தோற்றாலும் பெரிய இழப்பில்லை, வென்றால் லாபம். 18 கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் நாலைந்து நல்ல வெற்றி கிடைத்தால் 6-12 என்பதே தகுதியாகிவிடுகிறது. டெக்சாஸ் முதல் நால்வர் (ஃபர்ஸ்ட் ஃபோர்) எனும் தொடக்கத் தகுதிச் சுற்றில் சேவியரிடம் 86-80 தோற்றது, அது வேறு.

சிறிய கான்ஃபரன்ஸ் அணிக்கு இதே முறை கழுத்தைப் பிடிக்கும். நெட்டில் 60-வது இடத்தில் இருக்கும் சிறிய கல்லூரியின் மைதானத்துக்குப் போய் ஆட எந்தப் பெரிய கல்லூரியும் வராது. தோற்றால் கெட்ட பெயர். கூப்பிட்டாலும் தங்கள் ஊருக்கு வா என்றுதான் கூப்பிடும். ஜனவரிக்குப் பிறகு சொந்தக் கான்ஃபரன்ஸில் குவாட் 1 ஆட்டம் கிடைப்பதே அரிது. 28 ஆட்டம் வென்ற அணிகூடக் கான்ஃபரன்ஸ் கோப்பையில் ஒரு இரவு சறுக்கினால் வெளியேதான். 2025-ல் 68 இடங்களில் 31 கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்குப் போனது, 37 தேர்வுக் குழு கையில் இருந்தது. பேக்-12 கான்ஃபரன்ஸ் உடைந்ததால் இந்த 37 ஒன்று கூடியது, அதுவும் பெரியவர்களுக்கே போய்ச் சேர்ந்தது.

ஆனால் ஒரே ஒரு குவாட் 1 வெற்றியோடும் நுழையலாம் போலிருக்கிறது. நார்த் கரோலினா 13 குவாட் 1 ஆட்டங்களில் ஒன்றில்தான் வென்றது, இருந்தும் இடம் கிடைத்தது. அப்போது குழுவின் தலைவராக இருந்தவர் அந்தக் கல்லூரியின் விளையாட்டு இயக்குநர். தன் கல்லூரி பற்றிய பேச்சில் அவர் வெளியே இருக்க வேண்டும் என்பது விதி, இருந்தார். ஆனாலும் விட்டுப்போன வெஸ்ட் வர்ஜீனியாக்காரர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

ரீபவுண்ட்_ராணி:

பெண்கள் ஆட்டத்தை ஒருவரும் தொடவில்லை. அங்கேயும் அதே போர்ட்டல், அதே என்.ஐ.எல்., முடிவு மட்டும் வேறு. டாம்பாவில் நடந்த பெண்கள் ஃபைனல் ஃபோருக்குக் கனெக்டிகட் 2-ஆம் சீடாக வந்து, அரையிறுதியில் யு.சி.எல்.ஏ.வை 85-51, இறுதியில் சவுத் கரோலினாவை 82-59 என்று நசுக்கியது. 2016-க்குப் பிறகு முதல் பட்டம், மொத்தம் 12.

வித்தியாசத்துக்குக் காரணம் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் விதி. அமெரிக்க வீராங்கனை டிராஃப்டுக்கு வர, அந்த ஆண்டில் 22 வயதாக வேண்டும், அல்லது பள்ளி முடித்து நான்கு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். ஆண்களுக்கு 19 வயதும் பள்ளி முடிந்து ஓராண்டும் போதும். அதனால் ஃப்ளாக் ஒரு வருஷத்தில் போய்விடுகிறார், பெய்ஜ் ப்யூக்கர்ஸ் காயம் பட்டு ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்தும் அதே கல்லூரியில் பட்டம் வாங்கிவிட்டுத்தான் போனார். ஏப்ரல் 14-ல் டாலஸ் விங்ஸ் அவரை முதலாவதாக எடுத்தது. முதல் வருஷச் சம்பளம் 78,831 டாலர். கல்லூரியில் விளம்பரத்தில் வந்தது அதைவிடப் பல மடங்கு. ஆட்டக்காரர் மேலே போவதற்கு அவசரமே இல்லாத அமைப்பாக அப்போது இருந்தது.

ஆண்கள் பக்கமும் அந்த அவசரம் குறைகிறது. டிராஃப்டுக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் 2021-ல் 350-க்கு மேல், 2025-ல் 106. இரண்டாம் சுற்றில் போய், கீழ் லீக்குக்கும் என்.பி.ஏ.வுக்கும் மாறி மாறி ஆடும் டூ-வே ஒப்பந்தத்தில் இருப்பதைவிடக் கல்லூரியில் இன்னொரு வருஷம் இருப்பது லாபம்.

போர்ட்டல்_கணக்கு:

ராணி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2025 ஜூன் 6-ல், கல்லூரி வீரர்களின் வருமானம் பற்றிய ஹவுஸ் வழக்குச் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றது. ஜூலை 1 முதல் கல்லூரியே நேரடியாக வீரர்களுக்குப் பணம் தரலாம்; முதல் ஆண்டு உச்சவரம்பு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து 2.05 கோடி டாலர். எஸ்.இ.சி., பிக் டென் கல்லூரிகளில் இதில் பெரும்பங்கை அமெரிக்கக் கால்பந்து விழுங்கிவிடும். பெரிய அமெரிக்கக் கால்பந்து அணி இல்லாத பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸ் கல்லூரிகள் கூடைப்பந்துக்கே அதிகம் ஒதுக்கலாம். ஆகவே அடுத்த பருவத்தில் செயின்ட் ஜான்ஸ் போன்றவர்களைக் கவனியுங்கள். டிரேக்குகளுக்கு இதில் ஒன்றும் இல்லை.

கோடுதாண்டி:

கடைசியாக, அடுத்த பருவத்தில் இதையெல்லாம் நேரில் கவனிக்க எந்தக் கட்டங்கள் முக்கியம்? நேரமும் சொன்னால் அலாரம் வைக்க வசதி.

வரம்புக்காரர்:

ஜனவரி 5: பத்து நாள் ஒப்பந்தங்கள் தொடங்கும். ஜனவரி 10: உத்தரவாதமில்லாத ஒப்பந்தங்கள் முழு உத்தரவாதமாகும், அதற்கு மூன்று நாள் முன்பே பல பெஞ்ச் ஆட்கள் வெளியேற்றப்படுவார்கள். பிப்ரவரி முதல் வாரம் டிரேட் கெடு. வரி கணக்கிடப்படுவது வழக்கமான பருவத்தின் கடைசி நாள் சம்பளப் பட்டியலை வைத்து. அதனால் கோட்டுக்குச் சற்று மேலே இருக்கும் அணிகள் பிப்ரவரியில் யாரையாவது இரண்டாம் சுற்று உரிமையோடு சேர்த்துத் தள்ளிவிடும். அந்தச் சின்ன டிரேடுகளைப் பார்த்தால் யார் எந்தக் கோட்டைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று தெரியும். மார்ச் 1-க்குப் பிறகு விடுவிக்கப்பட்டவர் வேறு அணிக்குப் பிளே-ஆஃப் ஆட முடியாது.

நேரம்: நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை நியூயார்க் மாலை 7 மணி ஆட்டம் நமக்கு, இந்தியாவானாலும் இலங்கையானாலும், காலை 5.30. மற்ற மாதங்களில் 4.30. மார்ச் மேட்னஸ் எனும் கல்லூரி நாக்-அவுட், அமெரிக்கக் கடிகாரம் மாறிய மறு வாரம்தான் தொடங்கும், பழைய அலாரத்தை அப்படியே விட்டால் முதல் பாதி போய்விடும்.